வீட்டிலேயே இருங்கள் என்று சொல்வதற்கு முன்: இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியருக்குக் கடற்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், பேரிடர் மேலாண்மைப் பிரிவு, மீன்வளத் துறை, காவல்துறை அதிகாரிகளுக்கும், கடலோர ஊராட்சித் தலைவர்களுக்கும் வணக்கம்.

பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் என்ன செய்வது என்று எஸ்.பி.பட்டினம் முதல் ரோச்மாநகர் வரை யாரையும் கேட்கத் தேவையில்லை. படகை எங்கே கட்டுவது, வயதானவர்களை எந்தக் கட்டடத்துக்குக் கூட்டிப்போவது, அரிசி எங்கிருந்து வரும் என்பதெல்லாம் ஊருக்கே மனப்பாடம். பெருந்தொற்று ஊரடங்குக்கு அப்படி ஒரு ஏற்பாடு இன்றுவரை இல்லை. 2020லும் 2021லும் வந்த உத்தரவுகள் குழாய், குளிர்சாதனப் பெட்டி, தனி அறை எல்லாம் உள்ள வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே வீட்டின் பாதி வீட்டுக்கு வெளியே கிடக்கிறது. தண்ணீர் மணலுக்குள் இருக்கிறது, அடுக்களைச் சாமான் கருவாட்டுக் களத்தில் காய்கிறது, வருமானம் நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆகவே அடுத்த உத்தரவை எழுதுமுன் கீழே உள்ளவற்றை ஊர்வாரியாகக் கணக்கெடுத்து, மாவட்டப் பேரிடர்த் திட்டத்தில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் தண்ணீர். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 40 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். ஒரு பிளாஸ்டிக் குடம் ஏறத்தாழ 15 லிட்டர் பிடிக்கும். நாலு குடம் வைக்கிற தள்ளுவண்டி ஒரு நடைக்கு 60 லிட்டர் கொண்டுவரும். சாதாரண நாளில் இந்த ஒரு நடையில் காலம் ஓடிவிடும், ஏனென்றால் ஆண்கள் கடலிலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருப்பார்கள். எல்லோரும் வீட்டில் இருக்கிற நாளில், ஆளுக்கு எட்டு முறை கை கழுவு என்று சொன்னால் அதுவே 40 முறை. செம்பில் மொண்டு ஊற்றிக் கழுவினால் முறைக்கு ஒரு லிட்டர் போகும், அதாவது ஏறக்குறைய மூன்று குடம். அந்த மூன்று குடத்துக்காக ஒரு பெண் இன்னொரு நடை வண்டி தள்ள வேண்டும். கை கழுவும் சுவரொட்டியில் இந்தக் கணக்கை யாரும் அச்சடிக்கவில்லை.

வழி இருக்கிறது, செலவும் கிடையாது. காலியான 5 லிட்டர் எண்ணெய் கேனின் அடிப்பக்கம், தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், சூடாக்கிய ஆணியால் ஒரு துளை போட வேண்டும். துளையில் ஒரு குச்சியைச் செருகி வாசல் தூணில் இடுப்பு உயரத்தில் கட்டிவிட்டால், குச்சியை உருவும்போது நூல் போலத் தண்ணீர் விழும். மூடியை இறுக்கிவிட்டால் நீர் வராது. காற்று போக லேசாகத் தளர்த்தி வைக்க வேண்டும். இதில் கால் லிட்டரில் கை கழுவி முடிக்கலாம். 40 லிட்டர் 10 லிட்டராகக் குறையும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: உவர்நீரில் சோப்பு நுரைக்காது, தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகக் கையில் ஒட்டும். நல்ல தண்ணீரில் கையை நனைத்து, நுரை வரத் தேய்த்துவிட்டு, அலசுவதற்கு மட்டும் உவர்ப்பான போர்வெல் தண்ணீரைப் பயன்படுத்தலாம். ஆகவே வாசலில் இரண்டு கேன், ஒன்று சின்னது. ஊராட்சி சோப்பு கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்.

ஊற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் ஊர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். கடற்கரை மணலுக்கு அடியில் மழைநீர் மெல்லிய படலமாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. சிரட்டையாலோ அகப்பையாலோ பையக் கோரினால் நல்ல நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினாலும், மோட்டார் வைத்து இறைத்தாலும் கீழே உள்ள உப்பு மேலே ஏறிவிடும். பிறகு அந்த ஊற்று தேறப் பல நாள் ஆகும். ஊரே வீட்டில் இருக்கும் காலத்தில் இந்த ஆபத்து இரட்டிப்பு. பகலில் வற்றிய ஊற்று இரவில்தான் நிரம்பும் என்பதால் பெண்கள் விடிகாலை மூன்று, நாலு மணிக்கே குடத்தோடு போகிறார்கள். கடைகளுக்கு நேரம் வைத்த மாதிரி தண்ணீருக்கும் காலை ஆறு முதல் ஒன்று வரை என்று நேரம் வைத்தால், ஊற்றும் உப்பாகும், கூட்டமும் சேரும். தெருவுக்கு ஒரு நேரம் என்று முறை வைத்து இரவு நேரத்துக்கு அனுமதி கொடுப்பதுதான் சரி.

லாரித் தண்ணீர் வந்தால் சின்டெக்ஸ் தொட்டியில் ஊற்றுகிற ஊர்களில் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். 1000 லிட்டருக்கு 4 கிராம். அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் பசையாகக் குழைத்து, நீர் விட்டுக் கலக்கி, கட்டி அடியில் தங்கியபின் மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் விட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். உப்புக் காற்றில் திறந்து வைத்த மூட்டை சில வாரங்களில் வீரியம் இழந்துவிடும். குளோரின் வாடையே வராத பவுடரை அளவு பார்த்துப் போட்டும் புண்ணியம் இல்லை. ஊராட்சி அலுவலகத்தில் பெரிய மூட்டையாகக் குவிப்பதை விட மூடி இறுகும் வாளிகளில் சிறிது சிறிதாக வாங்குவது நல்லது. அந்தப் பவுடரைத் தெருவிலும் மனிதர்கள் மேலும் தெளித்தது வீண் வேலை. ஆள் மேல் தெளிக்க வேண்டாம் என்று 2020 ஏப்ரலிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டது. டிராக்டரில் தெளித்த தண்ணீரைக் குடத்தில் ஊற்றியிருந்தால் சில தெருக்களாவது ஒருநாள் பிழைத்திருக்கும்.

அடுத்து, முன்னறிவிப்பு. 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. அன்று நள்ளிரவே நாடு முழுவதும் அடைத்தார்கள். நண்டு வலையை மாலையில் விட்டு மறுநாள் காலையில் எடுப்பதுதான் வழக்கம். உத்தரவு வருகிற நேரத்தில் வலை கடலுக்குள் கிடக்கும். எடுக்காமல் விட்ட வலை சும்மா இருக்காது, மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டே இருக்கும். செத்தது அழுகி, அதைத் தின்ன வருவதும் சிக்கி, நாலைந்து நாளில் வலை கயிற்றுப் பந்தாகக் கடலடிப் பாறையில் சுருண்டுவிடும். கடல் வலைக்குக் குறைந்தது 48 மணி நேரம் கொடுங்கள். அறிவிப்பு தொலைக்காட்சியில் வந்தால் போதாது, மீன்வளத் துறை வயர்லெஸ்ஸிலும் ஊர் ஒலிபெருக்கியிலும் வரவேண்டும்.

கடல் மீன்பிடிப்புக்கு மத்திய அரசு விலக்கு அளித்தது ஏப்ரல் 10. கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது ஏப்ரல் 15. விசைப்படகுக்காரர்களுக்கு அந்த விலக்கு ஐந்து நாள் விலக்கு. பிறகு தடைக்காலத்தை 61 நாளிலிருந்து 47 நாளாகக் குறைத்து மே 31 உடன் முடித்தது நியாயமான திருத்தம், அதை மறுக்கவில்லை. ஆனால் நாட்டுப்படகுக்குக் கடலில் தடை இல்லாதபோதும் கரையில் ஐஸ் இல்லை, லாரி இல்லை, வாங்க ஆள் இல்லை. மீனுக்குச் சமமான எடை ஐஸ் போட்டால்தான் ஒரு பெட்டி மதுரை போய்ச் சேரும். ஐஸ் பிளாண்டைத் திறக்காமல் கடலைத் திறப்பதில் பயனில்லை. இரண்டுக்கும் ஒரே உத்தரவு போடுங்கள்.

ஐஸ் கிடைக்காத நாளில் இந்தக் கரைக்குத் தெரிந்த வழி உப்பு. அதுவும் வாலிநோக்கத்தில் அரசின் உப்புக் கழகமே உப்பு எடுக்கிறது. வெளியூரிலிருந்து அரிசி கொண்டுவருகிற லாரியை விட, பக்கத்து ஊரிலிருந்து உப்பு மூட்டை கொண்டுவருகிற லாரி பல வீடுகளுக்கு அவசரமாக இருக்கும். பெரிய மீனை முதுகில் கீறி, குடல் செவுள் எடுத்து, மூன்று கிலோவுக்கு ஒரு கிலோ உப்பு. அடியில் ஒரு அடுக்கு உப்பு, மேலே மீன், அதற்கு மேல் மறுபடியும் உப்பு என்று தொட்டியில் அடுக்கி, மேலே பலகை வைத்துக் கல் ஏற்றி, ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை ஊறவிட வேண்டும். பிறகு கழுவி இரண்டு மூன்று நாள் வெயில். காரல், நெத்திலி மாதிரிப் பொடி மீனுக்கு உப்பே வேண்டாம், அப்படியே காயும்.

கெடுவது எங்கே என்றால், நடுப்பகல் வெயிலில் மேல்தோல் மட்டும் சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். முதுகெலும்பு ஓரம் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழும். அந்தக் கருவாடு ஒரு வாரத்தில் நாறும். முதல் நாள் உச்சி வெயிலில் வலையைப் போட்டு நிழல் கட்டி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, மாலையில் அள்ளி மூடி, மறுநாள் மறுபடி விரிக்க வேண்டும். மணலில் காய வைத்தால் மணலும் ஒட்டும், ஈயும் முட்டை வைக்கும். நாலு கம்பு நட்டுப் பழைய வலையைக் கட்டி இடுப்பு உயரப் பரண் போட்டால் இரண்டும் குறையும். சேமித்தபின் இளஞ்சிவப்பாகப் பூத்தால் அது உப்பில் வளரும் கிருமி, ஈரம் இருந்ததன் அடையாளம். இவ்வளவும் சொல்வது ஏனென்றால், இந்த வேலையில் பாதி, புரட்டுவதுதான். களம் வீட்டிலிருந்து நூறு, இருநூறு அடி தள்ளி இருக்கும். கருவாடு புரட்டப் போகிற பெண்ணை வெளியே திரிபவள் என்று திருப்பி அனுப்பினால் ஒரு நாள் மீன் மொத்தமும் போச்சு. கருவாட்டுக் களத்தை வீட்டு முற்றமாகக் கணக்கில் எடுங்கள். பரணுக்குப் பரண் ஆறடி விட்டுப் போட வைப்பது ஊருக்குப் பெரிய காரியம் இல்லை.

கடற்பாசி வேறு கணக்கு. ஊரில் பெப்சி பாசி என்கிற கப்பாபைகஸ், 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டி, 45 நாளில் அறுப்பது. நன்றாக விளைந்தால் 200 கிலோவுக்கு மேல் வரும், காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு நிற்கும். நாள் தவறினால் பாசி கனத்து, அலையில் ஒடிந்து விழும். ஓரா மீன் கடித்துத் தின்னும். ஏப்ரல், மே வெப்பத்தில் நுனி வெளுத்து அழுகும். இதில் விளைச்சலை விடப் பெரிய இழப்பு விதை. அறுக்கிற அன்றே 60 கிலோவை எடுத்து மறுபடி கட்டினால்தான் அடுத்த சுற்று. விதை செத்துவிட்டால் ஊரடங்கு முடிந்தபிறகும் கையில் ஒன்றும் இருக்காது. ஒரு மிதவைக்கு மூன்று நாலு பேர், அரை நாள் வேலை. சுழற்சி தேதி எழுதிய அட்டையே அனுமதிச் சீட்டாக இருக்கட்டும்.

இயற்கைப் பாசி எடுக்கிற மன்னார் வளைகுடாப் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டும் போவது என்று தங்களுக்குள் வரம்பு வைத்துக்கொண்டவர்கள். பாக் நீரிணையில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்ற முறை பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. முறை வைத்து வாழ்வது இந்தக் கரைக்குப் புதிதல்ல. லத்தியை ஓரமாக வைத்துவிட்டு ஊர்க் கமிட்டியைக் கூப்பிட்டு நாள் பிரிக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் பிரித்துக் கொடுப்பார்கள். ஏலம்கூடக் கூவாமல், டோக்கன் வரிசையில் பத்துப் படகாக இறக்கி எடைக்கு விலை எழுதி முடிக்கலாம்.

படகுக் காவலுக்கும் சீட்டு வேண்டும். தென்கடலில் சோழகம் என்கிற தெற்குக் காற்று ஏறிவிட்டால் நங்கூரக் கயிறு விளிம்பில் உரசி இரவோடு இரவாக அறுந்துபோகும். தினம் ஒருவர் போய்க் கயிற்றை இடம் மாற்றிக் கட்ட வேண்டும், உரசுகிற இடத்தில் பழைய டயர்த் துண்டைச் சுற்ற வேண்டும். கரையேற்றிய மரப்படகு வெயிலில் பலகை சுருங்கிப் பொருத்து விட்டுவிடும். ஈரச் சாக்கும் ஓலையும் போட்டு மூட வேண்டும். டீசல் எஞ்சினை நாலைந்து நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் ஓட்டாவிட்டால் பேட்டரி இறங்கும், பம்பு துருப்பிடிக்கும். பத்துப் படகுக்கு ஒரு ஆள் என்று வைத்தால் போதும்.

இனி நோய் வந்தவர் வீட்டில் தனித்திருப்பது. காற்றோட்டமான தனி அறை, தனிக் கழிப்பறை என்று விதி சொல்கிறது. பசுமை வீடு 300 சதுர அடி. அதில் ஐந்தாறு பேர். எந்த மூலையில் தனித்திருப்பது? இதற்கு இரண்டு வழி சொல்கிறோம்.

ஒன்று, வீட்டை ஒட்டிப் பந்தல். படங்கையோ (தார்ப்பாய்) கிடுகையோ (பின்னிய தென்னை ஓலை) கட்டி, இரண்டு பக்கமாவது திறந்து விட வேண்டும். எந்தப் பக்கம் கட்டுவது என்பதுதான் முக்கியம். சோழகம் வீசும் மாதங்களில் காற்று தெற்கிலிருந்து வரும், பந்தல் வீட்டுக்கு வடக்கே இருக்க வேண்டும். வாடை மாதங்களில் தெற்கே. அப்போதுதான் நோயாளி இருமுவது வீட்டுக்குள் போகாமல் வெளியே போகும். மாற்றிக் கட்டினால் பந்தலே வீட்டுக்குள் நோயை ஊதிவிடும். கழிப்பறை ஒன்றுதான் என்றால் நோயாளி கடைசியாகப் போவது, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து அரை மணி நேரம் கதவைத் திறந்து வைப்பது. ஆசிட்டோடு பிளீச்சிங்கைக் கலந்தால் நச்சுப் புகை வரும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் ஊற்ற வேண்டாம்.

இரண்டு, புயல் பாதுகாப்பு மையங்கள். ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கிற கட்டடங்கள். ஆனால் 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவில் நம் மாவட்டத்தை ஒட்டி நகராமல் நின்றதை நினைவில் வையுங்கள். தொற்றும் புயலும் ஒரே மாதத்தில் வரும். நோயாளிகள் மையத்தில், புயலுக்கு ஒதுங்குகிறவர்கள் பள்ளிக்கூடத்தில் என்று முன்பே பிரித்து எழுதிவிட வேண்டும். மையத்தில் தண்ணீர்த் தொட்டி, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும்.

விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் கருவி ஊராட்சிக்கு இரண்டாவது வேண்டும். ஈரக் கையில், குளிர்ந்த விரலில், நகச்சாயத்தின் மேல் வைத்தால் எண் தப்பாகக் காட்டும். துடைத்து, உரசிச் சூடேற்றி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். 94க்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது. இராமேஸ்வரம் தீவுக்குப் பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான், இராமேஸ்வரத்திலிருந்து மாவட்டத் தலைமையிடம் 50 கி.மீ.க்கு மேல். பாலத்து வாசலில் ஆம்புலன்ஸைத் தவிர மற்ற நோயாளி வண்டிகளுக்கும் நிற்காமல் போகிற வழி வேண்டும். 2022 முதல் இராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே போய்ச் சேர்கிற ஏற்பாடுதான் பாக்கி.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள். இன்சுலின் போடுகிறவர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால் பெரிய மண்பானைக்குள் மணல் போட்டு நனைத்து, நடுவில் சின்னச் சட்டி வைத்து, அதற்குள் மூடியுள்ள டப்பாவில் மருந்தை வைக்கலாம். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், பானை அவ்வளவாகக் குளிராது. காற்று அடிக்கிற சன்னலில் நிழலில் வைத்தால் ஓரளவு தாங்கும். பலர் நல்லதென்று நினைத்து மீன் ஐஸ் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். உறைந்த இன்சுலின் கெட்டுப்போன இன்சுலின், உருகியபின் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கிராமச் செவிலியர் வீடு வீடாகச் சொல்ல வேண்டிய செய்தி இது. பள்ளி வழியாகப் பெண்பிள்ளைகளுக்கு வருகிற நாப்கின், பள்ளி மூடியதும் நிற்கக் கூடாது. அங்கன்வாடி வழியாகவாவது வரட்டும்.

ஷீட் போட்ட கூரை வீட்டில் மே மாதப் பகலைக் கழிப்பது தனித் தண்டனை. கூரை மேல் கிடுகு அல்லது பனையோலை வேய்ந்தால் வெக்கை தணியும், ஆனால் தீப்பொறி கவனம். மதியம் மின்தடை வேண்டாம் என்று மின்வாரியத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், அதுவே பாதி வைத்தியம்.

ஊரடங்கில் நோன்பு வந்தால், 2020இல் செய்தது போலப் பள்ளிவாசல் கஞ்சி அரிசியைக் காய்ச்சாமல் அரிசியாகவே வீடுகளுக்குப் பிரித்துவிடலாம், ஒழுங்காக நடந்த காரியம் அது. கல்வித் தொலைக்காட்சிப் பாடம் ஒரே வீட்டில் மூன்று வகுப்புக்கு ஒரே நேரத்தில் வராதபடி அட்டவணை போடுங்கள். கடன் தவணைக்கு ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்ட் வரை அவகாசம் கொடுத்தது. வட்டி நிற்கவில்லை என்பது பல மகளிர் குழுக்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவகாசம் வேறு, தள்ளுபடி வேறு என்று தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் குழுக்களுக்குக் கொடுக்க வேண்டும்.

இதில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. ஒவ்வொரு கடலோர ஊராட்சிக்கும் நான்கு நிறத்தில் சீட்டு அச்சடித்து வைத்தால் போதும்: தண்ணீருக்கு, களத்துக்கு, பாசிக்கு, படகுக் காவலுக்கு. சீட்டில் பெயருக்குப் பதில் வீட்டு எண் இருக்கட்டும், வீட்டில் யார் போனாலும் செல்லும். ஊரடங்கு அறிவித்த அன்றே ஊராட்சித் தலைவரும் ஊர்க் கமிட்டியும் கையெழுத்திட்டுக் கொடுக்கிற அதிகாரத்தை இப்போதே எழுத்தில் கொடுங்கள். காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் போகட்டும். புயல் மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மையத்தின் கதவிலேயே பெயிண்டில் எழுதி வையுங்கள், இரண்டு பேர் கைபேசி எண்ணோடு.

இப்படிக்கு,
வலை, கருவாடு, பாசி, ஊர்ச் சுகாதார வேலைகளில் இருக்கும் கடற்கரை ஊர்க்காரர்கள்,
இராமநாதபுரம் மாவட்டம்.